இத்தனை விளக்கையும் யார் துடைக்கிறார்கள்?

2022 மார்ச் கடைசி. சிறுசேரி சிப்காட் சாலையில் இரண்டு ஆண்டுகளாகக் காணாமல் போயிருந்த கம்பெனிப் பேருந்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. அந்த வாரக் கடைசியில் 'பிரிட்ஜர்டன்' தொடரின் இரண்டாவது சீசனை, எட்டுப் பகுதிகளையும், இரண்டே இரவுகளில் பார்த்து முடித்தேன். காதில் ஹெட்போன். திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவைத்து, படுக்கையறைக் கதவுக்கு முதுகு காட்டாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டால் ஒரு விசையைத் தட்டி அலுவலக மின்னஞ்சலுக்குத் தாவிவிடலாம்.

எனக்கு அப்போது 38 வயது. வீட்டுக் கடன் என் பெயரிலும்தான் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் புத்தகத்துக்குள் ரமணிசந்திரன் நாவலைச் செருகிவைத்துப் படித்தபோது இருந்த அதே படபடப்பு, சொந்த வீட்டில், சொந்தக் காசில் சந்தா கட்டிப் பார்க்கும்போதும் ஏன் வருகிறது என்று அன்று நான் யோசிக்கவில்லை.

மூன்றாவது பகுதியில் மாட்டிக்கொண்டேன். என் இணையர் இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் காலத்து லண்டன்ல நம்ம ஊர்ப் பொண்ணுங்க கவுன் போட்டுட்டு பிரபுகூட டான்ஸ் ஆடினாங்களா? ஹிஸ்டரியே தப்பா இருக்கு. இதைப் போய்ப் பார்க்கிற." கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் "டைம்பாஸுக்குத்தான்" என்று சொல்லித் தொலைத்தேன்.

அடுத்த ஆறு மாதத்தில், செப்டம்பர் 30 அன்று, 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வந்தது. எங்கள் கூடத்தில் அவருடைய நண்பர்கள் நான்கு பேர் உட்கார்ந்து ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று ராத்திரி ஒரு மணி வரை பேசினார்கள். உடையார்குடிக் கல்வெட்டு வந்தது, ரவிதாசன் வந்தான், யூடியூபில் ஒருவர் மூன்று மணி நேரம் விளக்கிய காணொளி வந்தது. கல்கி 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் எழுதிய தொடர்கதை அது. நந்தினியே கல்கியின் கற்பனைதான். அங்கே யாரும் "டைம்பாஸ்" என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்துவிட்டு நானும் கேட்டுக்கொண்டிருந்தேன், சுவாரசியமாகத்தான் இருந்தது. வாளும் குதிரையும் இருந்தால் பிழைகூட வரலாற்று ஆர்வமாகிறது. பட்டும் முத்தமும் இருந்தால் அது பெண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு. எதைப் பார்த்து வெட்கப்பட வேண்டும் என்பதை நமக்குச் சொல்லித்தருபவர்கள், தாங்கள் பார்ப்பதற்கு ஒருபோதும் வெட்கப்படுவதில்லை.

ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் எழுதிய புத்தகம் ஒன்று, காதல் நாவல்களைத் தொடர்ந்து வாசிக்கும் பெண்களைப் பற்றியது. அந்தக் கதைகளில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் அவர் ஆராயவில்லை. வாசிக்கும் நேரத்தில் அந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்கள், புத்தகத்தைத் தூக்கிக்கொண்டால் அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் இல்லை. கதைகள் பழைய சரக்குதான், பெண்ணைக் கடைசியில் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்துபவைதான். அதையும் ராட்வே மறைக்கவில்லை. என் ஹெட்போன் விஷயமும் பாதிக்குமேல் இதுதான். அதற்கான வெட்கம் போய்விட்டது. ஆனால் வேறு ஒரு உறுத்தல் மிச்சம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இவ்வளவு முன்கதை.

முதலில், எதை ரசித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஜூலியா குவின் எழுதிய மூல நாவலில் அந்தச் சகோதரிகள் ஷெஃபீல்டு என்ற ஆங்கிலக் குடும்பத்துப் பெண்கள். தொடரில் அவர்களை ஷர்மா ஆக்கி, பம்பாயிலிருந்து 1814ஆம் ஆண்டு லண்டனுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். நடித்தவர்கள் சிமோன் ஆஷ்லி, சரித்ரா சந்திரன். இருவருமே தமிழ்க் குடும்பங்களில் பிறந்தவர்கள். சிமோனின் பிறந்த பெயரில் பிள்ளை இருக்கிறது. கறுப்பு என்று நம் சீரியல்கள் பவுடர் அப்பி வெளுத்துக் காட்டும் நிறத்தில் ஒருத்தி, கதாநாயகியாக, அவளுக்காக ஒரு பிரபு மூச்சுத் திணறி நிற்கிறான். நம் சேனல்களில் மாநிறப் பெண் கதாநாயகியானால் அவளுடைய நிறமே கதையாகிவிடும், ஐம்பது பகுதிக்கு அவள் அழ வேண்டும். இங்கே அவள் நிறத்தைப் பற்றிக் கதை ஒரு வார்த்தை பேசாமல், அவளைக் குதிரையில் ஏற்றி ஓடவிடுகிறது. தங்கைக்கு வீடியோ கால் போட்டேன். அவளும் கன்னத்தில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய் என்ன சொல்லியனுப்பினார்கள் என்பது எங்கள் இருவருக்கும் நினைவிருக்கிறது.

பிழைகளா? கொட்டிக் கிடக்கின்றன. தங்கை அக்காவை 'தீதி' என்கிறாள். அக்கா தங்கையை வங்காளத்தில் 'போன்' என்கிறாள். இருவருக்கும் அப்பா 'அப்பா'. குடும்பப் பெயர் வடக்கு, வளர்ந்தது பம்பாய், முகம் நம் தெற்கத்தி முகம். திருமணத்துக்கு முன் மஞ்சள் பூசும் காட்சிக்குப் பின்னணியில் 2001இல் வந்த இந்திப் படப் பாட்டின் மெட்டு வயலினில் ஒலிக்கிறது. இந்தியா என்ற பெயரில் கிடைத்ததையெல்லாம் ஒரே தாளிப்பாகப் போட்டு இறக்கியிருக்கிறார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த நிமிடம், அக்கா தங்கையின் தலையில் எண்ணெய் தேய்த்துவிடும் காட்சி வந்தபோது அழுதேன். 1814இல் லண்டன் மாளிகையில் தலைக்கு எண்ணெய் தேய்த்தார்களா என்று கேட்டால் எனக்குக் கவலையில்லை. விரல் நுனியால் உச்சியில் தட்டித் தேய்க்கும் அந்தக் கையசைவு சரியாக இருந்தது. பள்ளிக்கு எண்ணெய் வைத்துப் போய்க் கேலிபட்ட பெண்கள் உலகம் முழுக்க அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பிழைகளை மன்னிப்பது என்ன, நான் காசு கொடுத்து வாங்குவேன்.

தொண்டையில் சிக்கியது தேநீர்.

கேட் ஷர்மாவுக்கு ஆங்கிலேயத் தேநீர் பிடிக்காது. அதை அருவருப்போடு சொல்கிறாள். ஒரு விருந்தில், யாரும் பார்க்காதபோது தன் சொந்த மசாலாப் பொருட்களைப் போட்டுத் தனக்கு வேண்டியபடி தயாரித்துக்கொள்கிறாள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. தன் ஊர்ச் சுவையை விட்டுக்கொடுக்காத பெண். ஆனால் 1814இல் இங்கிலாந்துக்கு வந்த தேயிலை முழுவதும் சீனத் தேயிலை. அதைக் கொண்டுவரும் ஏகபோக உரிமை கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இருந்தது. அதற்கு விலையாகப் போன வெள்ளியை மீட்டெடுத்தது வங்காளத்திலும் பீகாரிலும் விவசாயிகளை விளைவிக்கவைத்த அபின். அஸ்ஸாமில் விளைந்த தேயிலை முதன்முதலாக லண்டனில் ஏலத்துக்கு வந்தது 1839இல். இந்திய வீடுகளில் மசாலா டீ என்ற பழக்கம் பரவியது 20ஆம் நூற்றாண்டில், தேயிலை வியாபாரிகளே வண்டி கட்டித் தெருத்தெருவாகப் பழக்கிவிட்ட பிறகு.

இது வெறும் ஆண்டுக் கணக்குப் பிழை என்றால், 'தீதி'யோடு சேர்த்து இதையும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்தக் கோப்பைக்கும் என் முகத்துக்கும் இடையே ஒரு சொந்தம் இருக்கிறது. இலங்கையில் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை நட்டார்கள். அங்கேயும், நீலகிரியிலும் வால்பாறையிலும், கொழுந்து பறித்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்ப் பெண்களின் கைகள். தஞ்சாவூர், திருச்சி, மதுரை, ராமநாதபுரம் என்று பஞ்சம் பிடித்த ஊர்களிலிருந்து கங்காணி கூட்டிப்போனவர்கள். பி.எச். டேனியலின் நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் எனக்கு டீ இறங்கவில்லை. உலகத்தின் தேநீரைச் சுமந்த ஒரு இனத்தின் முகத்தை எடுத்து, தேநீரை வெறும் ருசிப் பிரச்சினையாகப் பேசவைத்திருக்கிறார்கள். இந்தியாவை அப்போது யார் ஆண்டார்கள், இந்த லண்டன் மாளிகைகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளை அந்த எட்டுப் பகுதிகளும் எழுப்புவதே இல்லை.

நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு சிறுசேரியில் கம்பெனி என்றால் கண்ணாடிக் கட்டடம், அடையாள அட்டை, கேப். ஆனால் இந்தச் செங்கல்பட்டுச் சீமையை ஆற்காடு நவாப் 1763இல் 'கும்பினி'க்கு ஜாகீராக எழுதிக்கொடுத்தார். 1814இல் கேட் ஷர்மா நடனமாடிக்கொண்டிருந்தபோது, இந்தப் பக்கத்து ஏரிப்பாசன நிலங்களின் வரி ஐம்பது ஆண்டுகளாகக் கும்பினிக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டு 13 ஆண்டுகள், வேலூர்க் கோட்டைப் புரட்சி நடந்து 8 ஆண்டுகள். அந்த நடன அரங்கின் மெழுகுவர்த்திகளில் எங்கள் ஊர் நெல்லும் கொஞ்சம் உருகியிருக்கும். இதைத் தொடரில் பாடமாக நடத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யாராவது ஒரு சீமாட்டி, சீட்டாடிக்கொண்டே, மெட்ராஸ் பங்குகள் விலை ஏறிவிட்டதாக ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

மெழுகுவர்த்தி என்றதும் அக்கா நினைவுக்கு வருகிறார். அப்பா இறந்த பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டார். எட்டாவது மாடி, பேச ஆளில்லை. அம்மாவுக்குப் பிடித்தது 'ஜோதா அக்பர்'. 2013 முதல் 2015 வரை இந்தியில் ஓடி, தமிழிலும் குரல் மாற்றி வந்த தொடர். அதை இப்போது மறுபடி முதலிலிருந்து கணினியில் போட்டுப் பார்க்கிறார். வீட்டு வேலைக்கு வரும் அக்கா, மதியம் அடுத்த வீட்டுக்குப் போவதற்கு முன் அரை மணி நேரம் அம்மாவோடு தரையில் உட்கார்ந்து பார்ப்பார். நாற்காலியில் உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். அந்தப் பேச்சை நாங்கள் இன்னும் முடிக்கவில்லை.

ஒருநாள், வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். திரையில் ஆக்ரா அரண்மனை. ஜோதா நடந்து வருகிறாள், இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான விளக்குகள், பித்தளைத் தட்டுகள், வெள்ளிக் கூஜாக்கள், பூப்பந்தல். அம்மா லயித்துப் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா சொன்னார்: "ஏம்மா, இத்தினி வெளக்கையும் யாரும்மா தொடைக்கிறா? எண்ணெப் பிசுக்கு லேசுல போவாதே."

சரித்திரத் தொடர்களைப் பற்றிப் பேராசிரியர்கள் எழுதியவற்றையும் கொஞ்சம் படித்திருக்கிறேன். இதைவிடச் சரியான கேள்வியை நான் கண்டதில்லை. உடை சரியா, நகை சரியா, பெயர் சரியா என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். வேலை எங்கே என்று கேட்பதில்லை.

அந்தத் தொடருக்குக் கிளம்பிய எதிர்ப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒளிபரப்பு தொடங்கும் முன்பே ராஜபுத்திர அமைப்புகள் தெருவில் இறங்கின. அக்பருக்கு ஜோதா என்று மனைவியே கிடையாது, இது வரலாற்றுத் திரிப்பு என்றன. பெயரைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. அக்பர் 1562இல் மணந்தது ஆம்பேர் அரசர் பார்மலின் மகளை. அரண்மனை ஆவணங்களில் அவர் மரியம் உஸ் ஜமானி. ஜோத்பாய் என்று அழைக்கப்பட்டவர் அவருடைய மருமகள், ஜஹாங்கீரின் மனைவி, ஷாஜகானின் தாய். 19ஆம் நூற்றாண்டில் ஏற்பட்ட குழப்பத்தில் மருமகளின் பெயர் மாமியாருக்குப் போய்விட்டது. ஆனால் தெருவில் இறங்கியவர்களின் கவலை பெயர்ப் பிழையா? ராஜபுத்திரப் பெண் ஒருத்தி ஒரு முஸ்லிம் அரசனின் மனைவியாகக் காதலோடு வாழ்ந்தாள் என்று திரையில் காட்டுவதுதான் சகிக்கவில்லை. 'பத்மாவத்' படத்துக்கு 2017இல் நடந்ததும் அதுவே. ஜாயஸி 1540இல் எழுதிய ஒரு காவியத்தின் நாயகிக்காக, உயிரோடு இருக்கும் நடிகையின் மூக்கை அறுப்போம் என்றார்கள். வரலாற்றுத் துல்லியம் என்ற கூச்சல் எங்கே அதிகமாகக் கேட்கிறதோ, அங்கே பெரும்பாலும் ஒரு பெண்ணின் உடம்பு நிற்கிறது.

அதனால்தான் "வரலாறு சரியில்லை" என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. யாரோடு சேர்ந்து சொல்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் அந்தத் தொடர் செய்த பெரிய பிழையைப் பற்றி எந்த ஊர்வலமும் போகவில்லை.

தொடரில் ஜோதா என்ன செய்கிறாள்? கும்பிடுகிறாள், சமைக்கிறாள், சந்தேகப்படப்படுகிறாள், அழுகிறாள், நல்லவள் என்று நிரூபிக்கிறாள். ருக்கையாவும் மாஹம் அங்காவும் சதி செய்கிறார்கள். கோலங்களும் மெட்டி ஒலியும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த அரண்மனை நன்றாகத் தெரிந்த வீடு. மாமியார், நாத்தனார், சக்களத்தி, சமையலறை. எல்லோருக்கும் கிரீடம் மட்டும் கூடுதல்.

இனி அந்தப் பெண்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மரியம் உஸ் ஜமானி கப்பல் முதலாளி. சூரத்திலிருந்து செங்கடல் துறைமுகங்களுக்குப் போய்வந்த 'ரஹிமி' என்ற பெரிய கப்பல் அவருடையது. ஹஜ் பயணிகளும் சரக்கும் அதில் போனார்கள். 1613இல் போர்த்துக்கீசியர் அதைப் பிடித்து, நூற்றுக்கணக்கான பயணிகளோடு கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். பிரச்சினை ஒரு கப்பலோடு நிற்கவில்லை. மகன் ஜஹாங்கீர் சூரத்தில் போர்த்துக்கீசிய வணிகத்தை நிறுத்தினார், டாமனை முற்றுகையிட ஆள் அனுப்பினார், ஆக்ராவில் இருந்த பாதிரிகளின் தேவாலயத்தை மூடினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பயானாவில் அவுரி கொள்முதலில் அவருடைய முகவரை மிஞ்சி விலை கேட்ட ஓர் ஆங்கில வணிகரால், ஆங்கிலேயர் எல்லோருக்குமே அவையில் மரியாதை குறைந்தது. தொடரில் ஜோதாவின் கண்ணீரைக் காட்டிய நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கை இந்தக் கப்பலுக்குக் கொடுத்திருந்தால்!

சதிகாரியாகக் காட்டப்பட்ட மாஹம் அங்கா, அக்பரை வளர்த்த தாய். இளம் அக்பரின் ஆட்சியில் ஓரிரு ஆண்டுகள் அதிகாரம் அவர் கையில்தான் இருந்தது. டெல்லி பழைய கோட்டைக்கு எதிரே 1561இல் அவர் கட்டிய மசூதியும் மதரசாவும் இன்றும் நிற்கின்றன, அவர் பெயர் பொறித்த கல்வெட்டோடு. அக்பரின் அத்தை குல்பதன் 1576இல் அரண்மனைப் பெண்களைத் திரட்டிக்கொண்டு மெக்காவுக்குக் கப்பலேறி, ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கி, 1582இல்தான் திரும்பினார். பிறகு தன் சகோதரன் ஹுமாயூனின் வரலாற்றை எழுதினார். பெண்கள் திரண்டு போன ஆறாண்டுப் பயணம்! எனக்கு அதிகாரம் இருந்தால் அதற்கு எட்டு சீசன் கொடுப்பேன்.

அக்காவின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. அபுல் ஃபசல் எழுதிய 'ஐன் இ அக்பரி' அந்தப்புரத்தை ஓர் அலுவலகம்போல விவரிக்கிறது. 5,000க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்ததாகச் சொல்கிறது. பிரிவு பிரிவாக மேற்பார்வையாளர்களும் கணக்கெழுதுபவர்களும் பெண்கள். உள்ளே காவல் காத்ததும் பெண்கள். மிக உயர்ந்த நிலையில் இருந்தவர்களுக்கு மாதம் 1,028 முதல் 1,610 ரூபாய் வரை. வேலைக்காரப் பெண்களில் கீழ்நிலையில் இருந்தவர்களுக்கு 2 ரூபாய். என் அலுவலகத்தின் ஊதியப் பட்டியலையும், எங்கள் தளத்தில் கழிப்பறை கழுவும் ஒப்பந்தப் பெண்களின் சம்பளத்தையும் ஒரே தாளில் எழுதினால் எப்படியிருக்கும் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். அந்த 2 ரூபாய்ப் பெண்தான் விளக்கு துடைத்திருப்பாள். எண்ணெய்ப் பிசுக்கு அன்றும் லேசில் போயிருக்காது.

நம் பக்கத்துக்கு வருவோம். சோழர் காலத்துப் பெண்களுக்கு இறுக்கமான ரவிக்கை மாட்டிவிடுகிறார்கள் என்று ஒரு குறை உண்டு. செப்புத் திருமேனிகளைப் பார்த்தால் அது சரியான குறைதான். செம்பியன் மாதேவியின் காலத்துச் சிற்பங்களில் மேலாடை இல்லை. ஆனால் இந்த இடத்தில் நான் துல்லியத்தின் பக்கம் நிற்க முடியாமல் தடுமாறுகிறேன். தெற்கே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், மார்பை மறைத்ததற்காக அடிபட்ட, துணி கிழிக்கப்பட்ட பெண்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட ஆணைகூட, உயர்சாதிப் பெண்களைப்போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. என் பாட்டியின் அம்மா ரவிக்கை போட்டதில்லை. அது கலாசாரமா, இல்லாமையா, தடையா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை, இப்போது சொல்ல ஆளும் இல்லை. அதனால் திரையில் ஒரு பணிப்பெண் நாகரிகமான ரவிக்கையோடு வந்தால் வரலாற்றுப் பிழை என்று மனசு சொல்கிறது, போட்டுக்கொள்ளட்டுமே என்றும் சொல்கிறது. இதை நான் இன்னும் தீர்த்துக்கொள்ளவில்லை.

அந்தப் பணிப்பெண்ணுக்கு ஒரு பெயரும் சம்பளமும் இருந்ததைக் காட்டாததுதான் எனக்குப் பெரிய குறை. நம்மிடம் ஆவணம் இல்லாமலா? தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரைப் பொறித்துவைத்திருக்கிறான். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை. ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் நெல். 400 பெண்களை அவரவர் ஊரைவிட்டுக் கிளப்பி ஒரு புது நகரத்தில், புது வீடுகளில் கொண்டுவந்து குடியேற்றியிருக்கிறார்கள். வரும்போது யார் அழுதார்கள், யாருக்குச் சந்தோஷம், பக்கத்து வீட்டுக்காரி எந்த ஊர், தண்ணீர் எங்கிருந்து எடுத்தார்கள்? வேலைக்காக ஊரைவிட்டு வந்து, விடுதியில் ஓர் எண்ணாக இருந்து, பிறகு எட்டாவது மாடியில் ஓர் எண்ணாக இருக்கும் என்னைப்போன்ற சிறுசேரிப் பெண்களுக்கு இதைவிட நெருக்கமான சரித்திரத் தொடர் இருக்க முடியுமா? குந்தவைகூட நமக்கு அழகான இளவரசியாகத்தான் தெரியும். தன் தந்தைக்கும் தாய்க்கும் செப்புத் திருமேனி செய்துவைத்து, அவற்றுக்கு என்னென்ன நகை, எவ்வளவு எடை என்று கணக்குக் காட்டிக் கல்லில் வெட்டிவைத்த குந்தவை திரைக்கு வருவதில்லை. கணக்குப் பார்க்கும் பெண்ணைக் கேமரா எங்கிருந்து காதலிப்பது என்று இயக்குநர்களுக்குத் தெரியவில்லைபோலும்.

போன வாரம் மதியம், அம்மாவும் அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தபோது தொடரை நிறுத்திவைத்துவிட்டுக் கப்பல் கதையைச் சொன்னேன். அம்மா நம்பவில்லை.

"கப்பலா? இவளுக்கா? வெளியவே விட மாட்டாங்களேடி."

"இவங்களுக்குத்தாம்மா. ஆயிரம் பேர் கிட்ட ஏறுற கப்பல்."

"அப்ப ஏன் காட்டல?"

அக்கா கேட்டார்: "சரக்கு என்னா பாப்பா ஏத்துவாங்க?"

துணி, அவுரி என்றேன். அவுரி என்றதும் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. திண்டிவனம் பக்கத்தில் அவருடைய தாத்தா காலத்தில் அவுரி ஊறவைத்த தொட்டி ஒன்று இடிந்து கிடந்ததாம், அதில் ஒளிந்து விளையாடியிருக்கிறாராம். சாயம் இறக்கும்போது நாற்றம் குடலைப் பிடுங்கும் என்று பாட்டி சொல்வாராம். அம்மா தொடரை மறந்துவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அந்தத் தொட்டிக்குள் பெண்கள் இறங்குவார்களா என்று கேட்டார். இறங்குவார்கள், ஆனால் கூலி பாதிதான் என்றார் அக்கா.

பிறகு அம்மா ரிமோட்டை எடுத்தார். ஜோதாவின் முகம் மூன்று முறை மூன்று கோணத்தில் வந்தது, மூன்று முறையும் இடி இடித்தது. அக்கா மணி பார்த்துவிட்டு, இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று தூணில் சாய்ந்துகொண்டார். எனக்கு மூன்று மணிக்கு ஒரு மீட்டிங் இருந்தது. மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன்.